பாடகர் இல்லாத பாட்டு: ஜோ சாட்ரியானியின் 1987 ஆல்பம்

சான்ஃபிரான்சிஸ்கோவில் ஹைட் ஸ்ட்ரீட் ஸ்டூடியோ என்று ஒன்று உண்டு. 1987இல் அங்கே ஒரு வாத்தியப் பாட்டின் பதிவு பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஆல்பத்தில் அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கிட்டாரிஸ்டுக்கே தெளிவில்லை. சும்மா இருப்பானேன் என்று காலடியில், கிட்டார் ஒலியை மாற்றும் ஒரு வா-வா பெடலையும் ஒரு டியூப் டிரைவர் பெடலையும் வைத்து, ஒலியை ஈவன்டைட் ஹார்மொனைசர் என்ற பெட்டி வழியாகச் செலுத்தி வாசித்துப் பார்த்தார். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் மெட்டும் சோலோ என்ற தனி வாசிப்பும் பதிவாகிவிட்டன. அதற்குள் ஹார்மொனைசர் பழுதாகிவிட்டது. பழுது நீக்கிக் கொண்டுவந்த பிறகு எவ்வளவு முயன்றும் பழைய ஒலி திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்ததே போதும் என்று அந்த அரை மணி நேரப் பதிவை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒதுக்கப்பட இருந்த அந்தப் பாட்டுத்தான் ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த முதல் பாட்டாக வந்தது.

ஆல்பத்தின் பெயர் ‘சர்ஃபிங் வித் தி ஏலியன்’. கிட்டாரிஸ்ட் ஜோ சாட்ரியானி. 1987 அக்டோபர் 15 அன்று ரெலடிவிட்டி என்ற சிறிய நிறுவனம் வெளியிட்டது. தயாரிப்புக்கு நிறுவனம் முதலில் ஒதுக்கியது சுமார் 13,000 டாலர். அன்றைய பெரிய ராக் குழுக்களின் பட்ஜெட்டோடு வைத்துப் பார்த்தால் இது கைச்செலவுக் காசு. பத்துப் பாட்டு. ஒன்றிலும் பாடகர் குரல் கிடையாது, வரி கிடையாது. அப்படியும் அது அமெரிக்க ஆல்பங்களின் வரிசைப் பட்டியலான பில்போர்டு 200இல் 29ஆம் இடம் வரை ஏறியது, 75 வாரம் அந்தப் பட்டியலை விட்டு இறங்கவில்லை, 1992இல் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றும் வாங்கியது.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் பலரும் சட்டென்று சொல்வது, “பயங்கர ஸ்பீடு” என்பதுதான். வேகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1987இல் வேகத்துக்குப் பஞ்சமே இல்லை. எட்டி வான் ஹேலன் 1978லேயே இரண்டு கையாலும் கிட்டார் கழுத்தில் தட்டி உலகத்தை வாய்பிளக்க வைத்துவிட்டார். 1984இல் சுவீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் பாக், பாகனினி என்ற பழைய ஐரோப்பிய இசை மேதைகளை மின்கிட்டாரில் சுழற்றி அடித்தார். அதே கலிஃபோர்னியாவில் மைக் வார்னி என்பவர் வேகக் கிட்டாரிஸ்டுகளுக்காகவே ஷ்ராப்னல் என்று ஒரு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தார். வேகமாக வாசித்தால் பத்து லட்சம் விற்கும் என்றால் அந்த ஆண்டுகளில் ஒரு டஜன் பேருக்காவது அப்படி விற்றிருக்க வேண்டும்.

என் காதுக்குப் பட்ட காரணம் வேறு. சாட்ரியானி கிட்டாரைப் பாடகர் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நின்று அது பாட வேண்டியதைப் பாடியது.

அன்றைய ராக் பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பாடகர் இரண்டு சரணமும் இரண்டு முறை பல்லவியும் பாடி முடித்து மைக்கை விட்டு விலகுவார். அப்போது கிட்டாரிஸ்டுக்கு இருபது, முப்பது வினாடி கிடைக்கும். அதற்குள் அவர் தன் வித்தையையெல்லாம் கொட்டியாக வேண்டும். நம் கல்யாணக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் மிருதங்கக்காரர் எப்படி அவசரப்படுவார், அந்த அவசரம்தான் எண்பதுகளின் கிட்டார் சோலோ. பாடகரை எடுத்துவிட்டு முழு ஆல்பம் போட வாய்ப்புக் கிடைத்தவர்களில் பலர் என்ன செய்தார்கள் என்றால், அந்த முப்பது வினாடியை நாற்பது நிமிடமாக நீட்டினார்கள். கேட்பவருக்கு மூச்சு முட்டியது.

வாத்திய ராக்கில் மெட்டு என்பது புதிதல்ல. அறுபதுகளில் இங்கிலாந்தின் ஷாடோஸும் அமெரிக்காவின் வென்ச்சர்ஸும் கிட்டாரில் பாடிய குழுக்கள்தான். 1975இல் ஜெஃப் பெக், பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினோடு சேர்ந்து போட்ட வாத்திய ஆல்பம் பில்போர்டில் நான்காம் இடத்துக்கே போனது. ஆனால் பெக் அப்போதே புகழ்பெற்ற ஆள். சாட்ரியானி யார்? 31 வயது. பெரும்பாலோருக்குப் பெயரே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அவரைக் கிட்டார் வாத்தியாராகத்தான் தெரியும்.

அந்த வாத்தியார் வேலையில்தான் விஷயம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் வளர்ந்த பையன். 1970 செப்டம்பரில், பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியில் இருந்தபோது கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. நேராகப் பயிற்சியாளரிடம் போய், நான் விலகுகிறேன், கிட்டாரிஸ்ட் ஆகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். வயது பதினான்கு. இதைச் சாட்ரியானி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பள்ளியில் பில் வெஸ்ட்காட் என்ற இசை ஆசிரியர் கிடைத்தார். மோடுகள் என்ற சுர வரிசைகள், காதுப் பயிற்சி, இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் கையாண்ட உத்திகள் எல்லாம் அவரிடமிருந்து வந்தவை. 1974இல் ஜாஸ் பியானோக் கலைஞர் லென்னி டிரிஸ்டானோவிடம் கொஞ்ச காலம் படித்தார். டிரிஸ்டானோ கண்டிப்பான மனிதர். ஜாஸ் மேதைகளின் சோலோக்களை வாத்தியத்தைத் தொடாமல் முதலில் வாயால் பாடிக் காட்டச் சொல்வார். பாட வராதது விரலுக்கும் வராது என்பது அவர் முறை. நம் ஊர்க் கச்சேரி மரபில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வயலினோ வீணையோ எதைக் கற்றாலும் முதலில் வாய்ப்பாட்டு என்று உட்கார வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ராக் கிட்டார் உலகில் இது அரிது.

இதற்கிடையிலேயே சாட்ரியானி பாடம் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். அதே ஊர்ப் பையன் ஒருவன் ஒரு கையில் கம்பி இல்லாத கிட்டாரும் மறுகையில் ஒரு பாக்கெட் கம்பியுமாக வந்து நின்றான். கம்பி மாட்டத் தெரியாது. பெயர் ஸ்டீவ் வாய். வீட்டுப்பாடம் படிக்காமல் வந்த ஒரு நாள், போய்ப் படித்துவிட்டு வா என்று சாட்ரியானி அவனைத் திருப்பி அனுப்பியதை வாய் இன்றைக்கும் மேடையில் சிரித்துக்கொண்டே சொல்வார். குருவுக்கும் சிஷ்யனுக்கும் வயதில் நான்கு ஆண்டுதான் வித்தியாசம்.

எழுபதுகளின் கடைசியில் சாட்ரியானி கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குக் குடிபெயர்ந்து ஒரு கிட்டார் கடையில் பாடம் எடுத்தார். கிட்டத்தட்ட பத்து வருடம். மெட்டாலிகாவின் கர்க் ஹேமட், டெஸ்டமெண்டின் அலெக்ஸ் ஸ்கோல்னிக், பிரைமஸின் லாரி லலோண்ட், கவுண்டிங் குரோஸின் டேவிட் பிரைசன், ஜாஸில் பின்னர் பெயர் வாங்கிய சார்லி ஹண்டர். ஒரே கடையில் படித்தவர்கள் இவர்கள். இந்தப் பெயர்களில் ஒருவரைப் போல இன்னொருவர் வாசிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் பாணியை அச்சடித்துக் கொடுக்கும் வாத்தியாராக அவர் இருந்திருந்தால் அந்த வட்டாரத்தில் பத்து சாட்ரியானிகள் உருவாகியிருப்பார்கள்.

பத்து வருடம் நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவருக்கு ஒன்று நன்றாகத் தெரிந்துவிடும்: கேட்பவர் எங்கே தொலைந்து போகிறார் என்பது. எந்த இடத்தில் மாணவன் கண் சொக்குகிறது, எந்த மெட்டை அவன் வாசலைத் தாண்டும்போதே முணுமுணுக்கிறான் என்பதெல்லாம் தினமும் எதிரில் நடக்கும். இந்த அனுபவம் அந்த ஆல்பத்தின் ஒவ்வொரு பாட்டிலும் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

சொந்த இசை வாழ்க்கை மட்டும் நகரவில்லை. ஸ்குவேர்ஸ் என்று மூன்று பேர் குழு வைத்திருந்தார், உள்ளூரைத் தாண்டவில்லை. அதன் டிரம்மர் ஜெஃப் காம்பிடெல்லியும், ஒலிப்பொறியாளர் ஜான் கூனிபெர்ட்டியும் பின்னால் வந்த ஆல்பங்களிலும் கூட இருந்தார்கள் என்பதுதான் அதில் கிடைத்த லாபம். 1984இல் மனைவி ரூபினாவின் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கி ஒரு சிறு இசைத்தட்டு போட்டார். அதில் வரும் எல்லா ஒலியும் கிட்டாரிலிருந்து எடுத்தவை. டிரம் மாதிரிக் கேட்பதும், அடித்தளச் சுரம் தரும் பேஸ் கிட்டார் மாதிரிக் கேட்பதும்கூட கிட்டாரைத் தட்டியும் கம்பியைத் தளர்த்தியும் உண்டாக்கியவை. கெட்டிக்காரத்தனம்தான். யாரும் வாங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் தபாலில் ஒரு கிரெடிட் கார்டு வந்தது. அதை வைத்தே முதல் முழு ஆல்பத்தைப் பதிவு செய்து முடித்தார். கடன் கழுத்தை நெரிக்கவே, கிரெக் கின் என்ற பாடகரின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராக வாசித்து அடைத்தார். அதற்குள் பழைய மாணவன் ஸ்டீவ் வாய் பெரிய ஆளாகியிருந்தார். ஃபிராங்க் ஜாப்பா குழு, அப்புறம் டேவிட் லீ ராத். வாயின் சொந்த ஆல்பத்தை விநியோகித்துக்கொண்டிருந்த ரெலடிவிட்டி நிறுவனத்திடம் அவர் தன் வாத்தியாரைப் பற்றிச் சொன்னார். பேட்டி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். 1986இல் ‘நாட் ஆஃப் திஸ் எர்த்’ என்ற பெயரில் அந்த முதல் ஆல்பம் வெளிவந்தது. விமர்சகர்கள் கவனித்தார்கள்; கடைகளில் பெரிதாக விற்கவில்லை. இரண்டாவதுக்கு நிறுவனம் கொடுத்ததுதான் ஆரம்பத்தில் சொன்ன 13,000 டாலர்.

சரி, பாட்டுக்கு வருவோம். நான்காவது பாட்டை எடுத்துக்கொள்கிறேன்: ‘ஆல்வேஸ் வித் மீ, ஆல்வேஸ் வித் யூ’. மூன்றரை நிமிடம்கூட இல்லை. மனைவிக்காக எழுதிய காதல் பாட்டு. கலங்கல் இல்லாத சுத்தமான கிட்டார் ஒன்று கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, பிரித்துப் பிரித்து மீட்டியபடி தொடங்குகிறது. அதன் மேல் மெட்டு வருகிறது. அந்த மெட்டில் ஒரு பாடகர் மூச்சு விடும் இடங்கள் இருக்கின்றன. ஒரு வரி, ஒரு நிறுத்தம், அடுத்த வரி. முதல் வரிக்கு இரண்டாவது வரி பதில் சொல்கிறது. நீங்கள் விரும்பினால் தமிழில் வரி எழுதி இட்டு நிரப்பலாம். அசை பிசகாமல் உட்காரும். சில சுரங்களை நேராகப் பிடிக்காமல் கீழிருந்து கம்பியை இழுத்து ஏற்றுவார். சிலவற்றைப் பிடித்த பிறகு லேசாக அசைப்பார். நாம் கமகம் என்று சொல்வதற்கு இது தூரத்து உறவு. எங்கே அசைக்க வேண்டும், எங்கே சும்மா விட வேண்டும் என்ற கணக்கில்தான் அந்தப் பாட்டின் உயிர் இருக்கிறது.

இதை நானும் ஒரு காலத்தில் வாசிக்க முயன்றவன். விரலுக்குப் பெரிய வேலை இல்லை. முதல் பகுதியை ஒரு வாரத்தில் யாரும் பழகிவிடலாம். ஆனால் பதிவு செய்து கேட்டால் என்னுடையது தட்டச்சு மாதிரி இருந்தது, அவருடையது பேச்சு மாதிரி இருந்தது. வேகமான பாட்டுகளில் தோற்றால் விரலைக் குற்றம் சொல்லலாம். இதில் தோற்றால் குற்றம் சொல்ல வேறொன்றும் இல்லை.

பாட்டின் நடுவில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை பி மேஜரில் போன இசை பி மைனருக்குத் திரும்புகிறது. ஆதார சுரம் அதே பி. சுற்றியிருக்கும் சுரங்கள் மட்டும் மாறுகின்றன. வெயில் அடித்துக்கொண்டிருந்த அறையில் திடீரென்று மேகம் வந்து மூடியது போல இருக்கும். அறையும் ஆளும் அப்படியே இருக்க வெளிச்சம் மட்டும் மாறும். கொஞ்ச நேரத்தில் பழைய மெட்டு திரும்ப வரும்போது அது முன்பைவிட ஆறுதலாகக் கேட்கும்.

வெஸ்ட்காட்டிடம் கற்று, தன் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்த இந்த உத்தியைச் சாட்ரியானி ‘பிட்ச் ஆக்சிஸ்’ என்பார். ஒரு சுரத்தை அச்சாக நட்டுவைத்துவிட்டு, அதன் மேல் ஸ்கேல்களை, அதாவது சுர வரிசைகளை, மாற்றிக்கொண்டே போவது. மேற்கத்தியக் கிட்டார் இதழ்கள் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. தமிழ் வாசகருக்கு ஒரே வார்த்தை போதும்: ராகமாலிகை. தம்பூரா அதே சட்ஜத்தில் ஒலித்துக்கொண்டிருக்க, ராகம் மட்டும் மாறுகிறது. முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் இதை இன்னும் அப்பட்டமாகக் கேட்கலாம். அடியில் பேஸ் ‘ஈ’ சுரத்தை விடவே விடாது. மேலே லிடியன், மைனர், மறுபடி லிடியன், அப்புறம் மிக்சோலிடியன் என்று நிறம் மாறும். சுரக் கணக்கில் சொன்னால் கல்யாணி, நடபைரவி, கல்யாணி, ஹரிகாம்போதி. கச்சேரி ரசிகர்கள் கோபித்துக்கொள்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சுரம் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது ராகம் ஆகிவிடாது. சாட்ரியானி வாசிப்பது கல்யாணி இல்லை, கல்யாணியின் ஏணி மட்டும்தான். ஆனாலும் பிரதி மத்யமம் விழும்போது காதில் உண்டாகும் அந்த மிதப்பு இரண்டிலும் உண்டு. அவருடைய புகழ்பெற்ற பாட்டுகள் பலவற்றில் அந்த லிடியன் வாசனை அடிக்கும். 1989இல் வந்த அடுத்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு முழுக்க அந்த மிதப்பின் மேலேயே கட்டியது.

இந்த உத்தியை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து வானொலியில் போடக்கூடிய மூன்று நிமிடப் பாட்டுக்குள் வைத்தார். கேட்பவருக்கு மோடு என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. மேகம் மூடுவது தெரிந்தால் போதும்.

அதற்கு நேர் எதிர் ஓரத்தில் ‘சாட்ச் பூகி’. நாற்பதுகளின் ஸ்விங் என்ற நடன இசைக் குழுக்களின் துள்ளலை ராக் டிரம்மில் ஏற்றிய பாட்டு. இதில் வேகம் உண்டு, அதுவும் தலை தெறிக்க. ஆனால் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சுரத்தையும் பிளெக்ட்ரம் என்ற மீட்டும் வில்லையால் அடித்து எழுப்பும் டகடக ஓசை பெரும்பாலும் இருக்காது. இடது கை விரல்கள் கம்பியைத் தட்டியும் இழுத்தும் எழுப்பும் சுரங்கள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு ஓடும். லெகாட்டோ என்பார்கள். பிருகா உதிர்க்கும் குரல் எப்படி ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக மூச்சு எடுப்பதில்லையோ அப்படி. கிட்டாரிஸ்ட் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் இதை ஜாஸ்-ராக்கில் உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தார். சாட்ரியானி அதை பூகி என்ற இந்தத் துள்ளல் இசைக்குக் கொண்டுவந்தார். பாட்டின் நடுவே டிரம் துள்ளல் அடங்கி, ‘ஏ’ கம்பி ஒன்றையே அடித்தளமாக வைத்து இரண்டு கையாலும் தட்டும் ஒரு பகுதி வரும். அங்கேயும் அதே தம்பூரா வேலைதான்: அடியில் ‘ஏ’, மேலே மாறும் வண்ணங்கள். கிட்டார் கற்பவர்கள் பாதிப்பேர் அந்த இருபது முப்பது வினாடிக்காகத்தான் இந்தப் பாட்டைக் கற்கிறார்கள். அது முடிந்து பழைய துள்ளல் திரும்பும் அந்த ஒரு நொடிதான் எனக்குப் பிடித்தது.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஐஸ் 9’ அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட்டின் நாவலில் வரும் கற்பனைப் பொருளின் பெயர். ‘மிட்நைட்’ இரண்டு கையும் பியானோ போல ஓடும் சின்னத் துண்டு. ‘ஹில் ஆஃப் தி ஸ்கல்’ கிட்டார்களை அடுக்கி அடுக்கிச் செய்த ஊர்வல இசை. அது இல்லாவிட்டாலும் ஆல்பத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

குறை என்று சொன்னால் ஒன்று இருக்கிறது. பணம் இல்லாததால் பல இடங்களில் டிரம் மெஷினை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். பாங்கோ பாப் ஸ்மித் நிரல் எழுதிய அந்தத் தாளம் இன்று கேட்கும்போது 1987 என்று முத்திரை குத்தியது போலத் தெரிகிறது. பேஸ், கீபோர்டு ஆகியவற்றிலும் பெரும்பகுதியைச் சாட்ரியானியே வாசித்திருக்கிறார். ஆளுக்கு ஆள் கண்ணைப் பார்த்து வாசிக்கும் குழுவின் சூடு இதில் குறைவு. ஆனால் அதிலேயே ஒரு வசதியும் வந்தது: பின்னணி அசையாமல் நேராகப் போவதால், முன்னால் நிற்கும் கிட்டார் ஒன்றுதான் ரத்தமும் சதையுமாகத் தெரிகிறது. திட்டமிட்டுச் செய்தார்களா, காசு செய்யவைத்ததா என்றால் காசு என்றுதான் சொல்வேன்.

அட்டைப்படத்தின் கதை தனி. வேற்றுக்கிரகவாசியோடு அலைச்சறுக்கு என்ற தலைப்பைக் கேட்டதும், ரெலடிவிட்டியில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஜிம் கோஸ்லோவ்ஸ்கிக்கு மார்வெல் காமிக்ஸின் சில்வர் சர்ஃபர் நினைவுக்கு வந்தான். சாட்ரியானிக்கோ அப்படி ஒரு பாத்திரம் இருப்பதே தெரியாது. ஜான் பைர்ன் வரைந்த ஒரு படத்துக்கு மார்வெலிடம் உரிமை வாங்கினார்கள். வெள்ளிப் பலகையில் பாய்ந்துவரும் வெள்ளி மனிதன். கேசட் கடை அலமாரியில் நூறு நீளமுடிக் குழுக்களின் முகங்களுக்கு நடுவே இந்த அட்டை எப்படித் தனியாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் சாட்ரியானி குரோம் பூசிய பளபள கிட்டாரோடு மேடை ஏறியபோது ரசிகர்கள் அவரையே அந்த வெள்ளி மனிதனாகப் பார்த்தார்கள். உரிமை முடிந்துபோனதால் 2018க்குப் பிறகான பதிப்புகளில் அந்தப் படம் இல்லை. பழைய பிரதி வைத்திருப்பவர்கள் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

ஆல்பம் வெளிவந்த சில மாதத்தில் ராக் வானொலி நிலையங்கள் தலைப்புப் பாட்டையும் ‘சாட்ச் பூகி’யையும் போட ஆரம்பித்தன. பாடகர் இல்லாத பாட்டை அவர்கள் தொடுவதே அபூர்வம். பேஸில் ஸ்டு ஹாம், டிரம்ஸில் ஜொனதன் மூவர் என்று ஒரு மூவர் குழு அமைத்துச் சின்ன அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்தார் சாட்ரியானி. 1988 தொடக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் தன் தனிப் பயணத்துக்குக் கிட்டாரிஸ்ட் தேடினார். முதலில் பேசப்பட்டிருந்தவர் ஜெஃப் பெக், அவர் விலகிவிட்டார். அந்த இடத்துக்குச் சாட்ரியானி தேர்வானார். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த அந்தக் கச்சேரிகளில், நடுவில் சாட்ரியானி தன் இசையை வாசிக்க ஜாகர் இடம் விட்டுக் கொடுத்தார். முந்தைய வருடம் பெர்க்லியில் பையன்களுக்கு ஸ்கேல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், மிக் ஜாகரின் ரசிகர் கூட்டத்துக்கு முன்னால் தனியாக நின்றார். அடுத்த கிராமி விருதுகளில் இந்த ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளுக்குப் பரிந்துரை கிடைத்தது. விருது கிடைக்கவில்லை. அதன் பிறகு பதினைந்து பரிந்துரை வரை சேர்ந்தும் அந்தப் பக்கம் கதவு திறக்கவே இல்லை.

இதன் பின்விளைவுகளை இரண்டு விதமாகப் பார்க்கலாம். நல்லது என்னவென்றால், வாத்திய ராக்குக்குச் சந்தை இருக்கிறது என்று நிறுவனங்கள் நம்பின. 1990இல் ஸ்டீவ் வாய் ‘பேஷன் அண்ட் வார்ஃபேர்’ வெளியிட்டார். அதே ஆண்டு டெக்சஸ்காரர் எரிக் ஜான்சனின் ஆல்பத்தில் ‘கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ வந்தது. வாத்தியப் பாட்டாக இருந்தும் ஊரெல்லாம் ஒலித்து, சாட்ரியானிக்குக் கிடைக்காத கிராமியையும் வாங்கியது. சாட்ரியானி முதலில் திறந்த சந்து வழியாகத்தான் இவை எல்லாம் பெரிய தெருவுக்கு வந்தன. மோசம் என்னவென்றால், அவரைப் பின்பற்றக் கிளம்பியவர்கள் ஏராளம், அவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது விரலை. லெகாட்டோவை எடுத்தார்கள், தட்டலை எடுத்தார்கள், கிட்டாரின் ட்ரெமலோ என்ற நெம்புகோலை அழுத்திக் குதிரை கனைப்பதுபோல ஒலி எழுப்புவதை எடுத்தார்கள். மூச்சு விடும் இடத்தை எடுக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகர ராக் குழுக்கள் கிளம்பி, சோலோ என்பதே வெட்டிப் பகட்டு என்ற மனநிலை பரவியபோது இவர்களில் பலர் அடித்துச் செல்லப்பட்டார்கள். சாட்ரியானிக்கு அப்படி ஆகவில்லை. கூட்டம் கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். 1993இல் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் பாதிப் பயணத்தில் டீப் பர்ப்பிள் ராக் குழுவை விட்டுப் போனபோது அந்த இடத்தை நிரப்ப அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

1996இல் அவர் தொடங்கிய ஜி3 பயணம் அந்த ஆல்பத்தின் நீட்சி என்றே நினைக்கிறேன். மூன்று கிட்டாரிஸ்டுகள் தனித்தனியாக வாசித்து, கடைசியில் மூவரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிப்பார்கள். முதல் முறை ஸ்டீவ் வாயும் எரிக் ஜான்சனும். பிறகு வெவ்வேறு வருடங்களில் மால்ம்ஸ்டீன், ராபர்ட் ஃபிரிப், ஜான் பெட்ரூசி என்று பலர். இதில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி ஜாம். எல்லாரும் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கும் அந்த இருபது நிமிடத்தில் சாட்ரியானி பெரும்பாலும் ஒரு சின்ன வாக்கியத்தை வாசித்துவிட்டு நிறுத்துவார், அடுத்தவர் பதில் சொல்லக் காத்திருப்பார். வாத்தியார் புத்தி போகவில்லை. 2024இல் அந்த முதல் மூவரும் மறுபடி சேர்ந்து பயணம் போனார்கள். பழைய குருவுக்கு வயது 67, சிஷ்யனுக்கு 63.

2019 நவம்பரில் இந்த ஆல்பத்துக்கு ஒரு விசேஷப் பதிப்பு வந்தது. இரண்டு எல்பி. ஒன்றில் வழக்கமான ஆல்பம். இன்னொன்றில் அதே பத்துப் பாட்டு, முன்னணிக் கிட்டாரை மட்டும் நீக்கிவிட்டு. டிரம்ஸ், பேஸ், பின்னால் மீட்டும் கிட்டார், அவ்வளவே. கூட வாசித்துப் பழக வசதி என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். கிட்டாரைக் கையில் எடுக்காமலே அதில் ‘ஆல்வேஸ் வித் மீ’யைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பிரித்து மீட்டும் அந்தக் கார்டுகள் தொடங்கும். மெட்டு வர வேண்டிய இடம் வரும். வராது. இரண்டாவது வரிக்குள் நம் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கிவிடும்.